அப்பாவுக்கு ஒரு டயர் கட்டை

இந்த எபிசோடு ஒரு மரக்கட்டையைப் பத்தி. சிரிக்காதீங்க, கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

என் கூட சிறுசேரியில வேலை பார்க்குற ஒரு ஃப்ரெண்டு இருக்கான். அவனோட அப்பாவுக்கு நாமக்கல் பக்கம். ரொம்ப வருஷமா லாரி ஓட்டுறார். இப்போ ஓட்டுறது பன்னெண்டு வீல் வண்டி, கூட கிளீனர் கிடையாது. போன மாசம் இவன் எனக்கு ஒரு லிங்க் அனுப்பினான். 'டயர் தம்பர்'னு ஒரு அமெரிக்க ஐட்டம். பார்க்க குட்டி பேஸ்பால் பேட் மாதிரி இருக்கு. ஹிக்கரி மரம், கையில மாட்டிக்க ஒரு தோல் வார். ஷிப்பிங்கோட சேர்த்து விலையைப் பார்த்தா ஒரு நல்ல ஹெட்போனே வாங்கிடலாம். "அப்பா பொறந்தநாளுக்கு இதை வாங்கலாமாடா?"னு கேட்டிருந்தான். லாரி டயரைத் தட்டிப் பார்க்குறதுக்குன்னே ஒரு கட்டை. நான் "சூப்பர்டா, வாங்கு"ன்னு ரிப்ளை பண்ணிட்டேன். அந்தக் கட்டை எதுக்குன்னு எனக்குச் சரியா தெரியாமலேயே.

அடுத்த ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு பேரும் ஈசிஆர்ல பைக்ல போனோம். முட்டுக்காடு போட் ஹவுஸ் பக்கம் டீக்கு நிறுத்தினோம். பக்கத்துல ஒரு பத்து வீல் லாரி. டிரைவர் அண்ணன் கையில ஒரு மம்பட்டிக் காம்புத் துண்டு. ஒரு கையில டீ கிளாஸ், இன்னொரு கையால ஒவ்வொரு டயரா தட்டிக்கிட்டே வண்டியைச் சுத்தி வர்றார். டங், டங், டங். பின்னாடி இடது பக்கம் வந்ததும் 'தொப்'. அதே இடத்துல இன்னொரு தடவை தட்டினார். தொப்.

"என்ன ஆச்சுண்ணே?"

"உள் டயரு செத்துருச்சு தம்பி. வெளிய இருந்து பாரு, எல்லாம் நல்லாத்தான் தெரியும்."

குனிஞ்சு பார்த்தேன். நிஜமாவே ஒண்ணும் தெரியல. ஏன்னா பக்கத்துல இருக்குற வெளி டயர் மொத்த பாரத்தையும் தூக்கிக்கிட்டு நிக்குது. கார் டயர்ல காத்து போச்சுன்னா வண்டி ஒரு பக்கம் சாஞ்சு நமக்கே தெரிஞ்சிடும். லாரியோட பின் ஆக்ஸில்ல ஒவ்வொரு பக்கமும் ரெண்டு ரெண்டு டயரா ஜோடி போட்டிருப்பாங்க. அதுல உள்ள இருக்குறது செத்தா வண்டி சாயாது, டிரைவருக்கு ஸ்டீயரிங்லயும் பெருசா வித்தியாசம் தெரியாது. நம்ம ஃப்ரெண்டோட அப்பா ஓட்டுற மாதிரி பன்னெண்டு வீல் வண்டியில நாலு டயர் இப்படி உள்ள ஒளிஞ்சிருக்கு.

இதுல என்ன ஆபத்துன்னு ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்ப்போம். 2018-ல மத்திய அரசு லாரிகளோட ஆக்ஸில் லோடு வரம்பை ஏத்தினாங்க. நாலு டயர் இருக்குற ஒரு ஆக்ஸிலுக்கு 10.2 டன்னா இருந்தது 11.5 டன் ஆச்சு. அப்படின்னா ஒரு டயருக்கு கிட்டத்தட்ட 2.9 டன். ஜோடியில ஒண்ணு செத்தா, மத்தது அந்த 5.7 டன்னையும் தனியா சுமக்கணும். அது கூடுதல் லோடு வண்டி இல்ல, சட்டப்படி லோடு ஏத்தின வண்டியே.

செத்த டயரும் சும்மா இருக்காது. காத்து இல்லாத டயர் ஒவ்வொரு சுத்துக்கும் பக்கவாட்டுல மடங்கி நிமிரும். லாரி டயரோட சுத்தளவு சுமார் மூணேகால் மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 300 சுத்து. முட்டுக்காட்டுல இருந்து பாண்டிச்சேரி போறதுக்குள்ள முப்பதாயிரம் தடவைக்கு மேல மடங்குது. ஒரு இரும்புக் கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினா சூடாகுமே, அதே கதைதான். ரப்பர் சூடாகி, உள்ள இருக்குற கம்பி இழைங்க தளர்ந்து, கடைசியில டயர் வெடிக்கும், இல்லன்னா தீப்பிடிக்கும். நெடுஞ்சாலையில முதலை தோல் மாதிரி கிடக்குற ரப்பர் பட்டைகள் பலதுக்கும் பின்னாடி இந்த மாதிரி ஒரு கதை இருக்கும். அதுக்குப் பக்கத்துல பைக்ல போறது யாரு? நாமதான். உங்க அபார்ட்மென்ட்டுக்கு வர்ற தண்ணி லாரியும் இதே ஜோடி டயர்லதான் ஓடுது.

சரி, தட்டினா ஏன் தெரியுது? காத்து இறுக்கமா இருக்குற டயர் மேளத் தோல் மாதிரி. தட்டின கட்டையைத் திருப்பித் தள்ளும், சத்தமும் எழும்பும். காத்து போன டயர் அடியை உள்ள வாங்கிக்கும். காதுக்கு முன்னாடி உங்க மணிக்கட்டுக்கே வித்தியாசம் தெரிஞ்சிடும். இது நம்ம ஊருக்குப் புதுசும் இல்ல. முட்டுக்காட்டுல இருந்து கொஞ்சம் தெற்க போனா மாமல்லபுரம். அங்க சிற்பிங்க கல்லைத் தட்டிப் பார்த்து, சத்தத்தை வெச்சு ஆண் கல், பெண் கல், அலிக்கல்னு பிரிப்பாங்க. சத்தம் எழும்பாத கல்லைச் சிலைக்கு எடுக்க மாட்டாங்க. பானை வாங்கப் போனா நம்ம பாட்டிங்க செய்யுறதும் இதுதான்.

[ஆடியோவில் இந்த இடத்தில் இரண்டு சத்தங்களும் வரும். முதலில் காற்று உள்ள டயர், அடுத்து காற்று இறங்கிய டயர்.]

இந்த ரெக்கார்டிங் கோவளத்துல ஒரு பஞ்சர் கடையில எடுத்தது. கடைக்கார அண்ணன்கிட்ட கெஞ்சி ஒரு காரியம் பண்ணினேன். ஒரு லாரி டயர்ல நூறு பவுண்டு காத்து வெச்சு (பிஎஸ்ஐயைத்தான் கடையில பவுண்டுன்னு சொல்றாங்க), நான் திரும்பி நின்னுக்கிட்டேன். அவர் கொஞ்சம் கொஞ்சமா காத்தை இறக்கித் தட்ட, நான் சொல்லணும். நூறுக்கும் எண்பதுக்கும் எனக்கு வித்தியாசமே தெரியல. வருஷக்கணக்கா தட்டுற அவருக்கும் அங்க சந்தேகம்தான். பாதிக்குக் கீழ போனதும் எனக்கே பளிச்சுனு கேட்டுது.

இங்கதான் கவனிக்கணும். டயர் இன்டஸ்ட்ரியில ஒரு விதி உண்டு. இருக்க வேண்டிய காத்துல 80 சதவீதத்துக்குக் கீழ போயிட்டா அது 'காத்து இறங்கிப் போயி ஓடின டயர்'. நூறு பவுண்டு டயருக்கு எண்பதே ஆபத்துக் கோடு. அந்தக் கோட்டைக் கட்டையால கேட்க முடியாது. நம்ம பாஷையில சொன்னா, கட்டை ஒரு ஹெல்த் செக். சர்வர் உயிரோட இருக்கா, இல்லையா, அவ்வளவுதான் சொல்லும். மெமரி எவ்வளவு மீதி இருக்குன்னு சொல்லாது. அதுக்கு கேஜ்தான் வேணும். காலையில வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி, டயர் குளிர்ந்திருக்கும்போது கேஜ் வெச்சுப் பார்க்கணும். ஓடி வந்த டயர்ல சூட்டுக்குக் காத்து பத்து பதினஞ்சு பவுண்டு ஏறிக் காட்டும். அதைப் பார்த்துட்டுக் காத்தை இறக்குறது பெரிய தப்பு. வழியில டீ, சாப்பாடு, டோல்னு நிக்குற இடத்துல எல்லாம் கேஜ் வெக்க எந்த டிரைவருக்கும் நேரம் இருக்காது. அங்கதான் கட்டை. கூடவே புறங்கையை டயர்கிட்ட கொண்டு போனா, மத்ததை விட எது சூடுன்னும் தெரிஞ்சிடும்.

அப்புறம், தனியா ஒரு டயரோட சத்தத்துக்கு அர்த்தம் இல்ல. லோடு இருந்தா ஒரு மாதிரி, காலியா இருந்தா ஒரு மாதிரி. புது டயர் ஒரு மாதிரி, ரீட்ரெட் ஒரு மாதிரி. பக்கத்து டயரோட ஒப்பிட்டாதான் கேட்கும். அதனால எல்லா டயரையும் ஒரே இடத்துல, பட்டன் இருக்குற மேல் பரப்புல, ஒரே வேகத்துல தட்டணும். வால்வு பக்கம் போகக்கூடாது. ஜோடி டயருக்கு நடுவுல கல்லு மாட்டியிருக்கான்னு அப்படியே ஒரு பார்வை.

இப்போ கட்டைக்கு வருவோம். ஏன் மரம்? கையில கிடைச்ச வீல் ஸ்பேனர், ஜாக்கி ராடுனு எதையாவது எடுத்துத் தட்டுறவங்க நிறைய. இரும்பு தானே சத்தம் போடும். நீங்க கேட்குறது டயரையா, ராடையான்னு குழம்பும். முனை கூரா இருந்தா ரப்பர் வெட்டுப்படும். மரம் தன் சத்தத்தை அடக்கிக்கும்.

அமெரிக்காக்காரன் ஹிக்கரி எடுக்குறதுக்குக் காரணம், அங்க சுத்தியல், கோடாரிக்கெல்லாம் காம்பு போடுற மரம் அது. நம்ம ஊர்ல காம்புக்கு என்ன மரமோ அதைத் தேடினா போதும். ஈசிஆர் ஓரத்துல சவுக்குத் தோப்பு எவ்வளவோ இருக்கு. சவுக்கு கெட்டியான, கனமான மரம், மலிவு. ஆனா உருண்டைக் கம்பா அப்படியே எடுத்தா காஞ்சதும் நீளவாக்குல பிளக்கும். மூங்கில் லேசு, உள்ள கூடு, அதுவே சத்தம் போடும். தேக்கு கதவுக்கு நல்லது, இதுக்கு தண்டச் செலவு. சீமைக்கருவேலம் சும்மாவே கிடைக்கும், நேரா ஒரு துண்டு கிடைச்சா உங்க அதிர்ஷ்டம். கருவேலம் அருமையான மரம், மாட்டு வண்டிக்கே போட்டது. பூவரசும் பரவாயில்ல, தவில் குச்சி அதுலதான் செய்யுறாங்க, அடி வாங்கிப் பழகின மரம்.

என் ஓட்டு புளிய மரத்துக்கு. கறிக்கடையில பார்த்திருப்பீங்களே, வெட்டுற கட்டை. பெரும்பாலும் புளிதான். இழைங்க ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு இருக்குறதால தினமும் கத்தி விழுந்தும் பிளக்காது. எடையும் தோதா வரும். நாலு சென்டிமீட்டர் தடிமன்ல அரை மீட்டர் நீளம் எடுத்தா அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல. அதை விட லேசா இருந்தா பெரிய டயர் பதிலே சொல்லாது. அதை விடக் கனமா இருந்தா பன்னெண்டு டயரைத் தட்டி முடிக்குறதுக்குள்ள கை ஓஞ்சிடும், நாலு நாள்ல தட்டுறதையே விட்டுடுவாங்க.

எந்த மரமா இருந்தாலும் வாங்கும்போது இழையைப் பாருங்க. ஒரு முனையில இருந்து மறு முனை வரைக்கும் கட்டையோட நீளத்துக்கே ஓடணும். நடுவுல பக்கவாட்டுல இறங்கி வெளிய போச்சுன்னா அந்த இடத்துலதான் உடையும். கிரிக்கெட் பேட் வாங்கினவங்களுக்கு இது புரியும். முனையில இரும்புப் பூண், ஆணி எதுவும் வேண்டாம். பளபளன்னு வார்னிஷும் வேண்டாம், வேர்த்த கையில வழுக்கும்.

நாங்க கடைசல் பட்டறையில ஒண்ணு செஞ்சோம். அந்த அமெரிக்க அளவையே எடுத்து, 19 இஞ்ச். நாமக்கல்லுக்கு அனுப்பினோம். அவன் அப்பா போன்ல சொன்ன முதல் வார்த்தை, "எடை நல்லாருக்குப்பா, ஆனா உள் டயருக்கு எட்டலையே." ஒளிஞ்சிருக்குற அந்த நாலு டயருக்காகத்தான் இந்தக் கட்டையே! ரெண்டாவது கட்டை ரெண்டு அடி. குனிஞ்சு டயருக்குப் பின்னாடி விட்டா உள் டயரோட பட்டன்ல சரியா படுது.

இன்னொரு விஷயத்தை அவர்தான் அழுத்திச் சொல்லச் சொன்னார். 'தொப்'னு கேட்டா உடனே காத்து அடிச்சுட்டுக் கிளம்பக் கூடாது. காத்து இல்லாம ஓடின ரேடியல் டயர்ல பக்கச் சுவருக்குள்ள இருக்குற கம்பிங்க அறுந்திருக்கலாம். காத்து ஏற ஏற ஜிப் பிரிஞ்ச மாதிரி ஒரே நொடியில கிழியும். டியூப் டயர்ல ரிம்மோட லாக் ரிங் கழண்டு பறக்கும். அப்போ டயர் முன்னாடி உட்கார்ந்திருக்குறது பஞ்சர் கடைப் பையன். அதனால டயரைக் கழட்டி, உள்ளயும் வெளியயும் பார்த்துட்டுத்தான் காத்து அடிக்கணும். கூண்டுக்குள்ள வெச்சு அடிக்குறதுதான் முறை. அது இல்லாத கடையில ரிங்குக்குக் குறுக்கே கம்பியாவது கொடுக்கணும், ஆள் பக்கவாட்டுல தள்ளி நிக்கணும். முட்டுக்காட்டுல பார்த்த அந்த அண்ணனும் ஸ்டெப்னியை மாத்திட்டுத்தான் கிளம்பினார். டீயை முடிச்சுட்டு முக்கால் மணி நேரம் ஜாக்கியோட போராடினார்.

போன வாரம் ஃப்ரெண்டு ஒரு வாய்ஸ் மெசேஜ் ஃபார்வர்டு பண்ணினான். அவன் அப்பா ஏதோ ஒரு ஹோட்டல் வாசல்ல வண்டியைச் சுத்தித் தட்டியிருக்கார். பேச்சு எதுவும் இல்ல, வெறும் சத்தம். எண்ணிப் பார்த்தேன், பதிமூணு அடி. டயர் பன்னெண்டுதானே, பதிமூணாவது எதுன்னு கேட்கச் சொன்னேன்.

ஸ்டெப்னியாம்.