உயராத கைகள்

இங்கிலாந்தில் கிடியன் லாக் என்று ஒரு குழந்தை மருத்துவர் இருக்கிறார். ஒவ்வாமைதான் அவருடைய துறை. அலர்ஜி என்றால் உங்களுக்கு உடனே புரிந்துவிடும். அவர் ஒருமுறை இஸ்ரேலுக்கு உரையாற்றப் போனார். அரங்கு நிறைய அலர்ஜி மருத்துவர்கள். “போன ஒரு வருஷத்தில் வேர்க்கடலை அலர்ஜி உள்ள குழந்தையைப் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள்” என்றார். இங்கிலாந்தில் இப்படிக் கேட்டால் ஏறக்குறைய எல்லாக் கைகளும் உயரும். அங்கே இரண்டு மூன்று கைகள்தான் உயர்ந்தன.

வேர்க்கடலை போய் ஆபத்தா? கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டே இதைப் படிக்கிற உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கடலைப் பண்டம் கொண்டுவரவே கூடாது என்று சொன்ன பள்ளிக்கூடங்கள் உண்டு. அலர்ஜி கடுமையாக இருந்தால் ஒரு துணுக்கு போதும். உடம்பெல்லாம் தடிக்கும், தொண்டை வீங்கும், மூச்சு முட்டும், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். உடனே அட்ரினலின் ஊசி போட வேண்டும்.

ஆபத்தான பொருள் என்றால் குழந்தையின் கண்ணிலேயே காட்டாமல் இருப்பதுதானே நல்லது? பெரியவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அலர்ஜி வரக்கூடிய குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை வேர்க்கடலை வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2000இல் சொன்னது. ஆனால் கணக்கு வேறு மாதிரி போனது. 1997இல் அமெரிக்காவில் ஆயிரம் குழந்தைகளில் 4 பேருக்கு இந்த அலர்ஜி இருந்தது. 2008இல் 14 பேருக்கு!

லாக் குழுவினர் இரண்டு நாடுகளிலும் படிக்கும் யூதப் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தார்கள். இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு இந்த அலர்ஜி பத்து மடங்கு அதிகம். பூர்வீகம் ஒன்றுதான், வளர்ந்த விதம்தான் வேறு. இஸ்ரேலில் பல் முளைக்கும் பருவத்திலேயே ‘பம்பா’ கொடுப்பார்கள். வாயில் வைத்தால் கரைந்துவிடும் சோளப்பொரி மாதிரியான தின்பண்டம், மேலே கடலை விழுது. இங்கிலாந்துக் குழந்தைகளில் பெரும்பாலோர் அந்த வயதில் கடலையைத் தொட்டதே இல்லை.

இதோடு விட்டிருந்தால் இது வெறும் ஊகம். இரண்டு நாட்டுக்கும் தண்ணீர், வெயில், சாப்பாடு என்று எத்தனையோ வேறுபாடுகள். எது காரணம் என்று எப்படிச் சொல்வது? சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

லண்டனில் 640 குழந்தைகளைச் சேர்த்தார்கள். வயது 4 முதல் 11 மாதம். எல்லாருக்கும் கரப்பான் என்கிற தோல்நோய் கடுமையாகவோ, முட்டை அலர்ஜியோ இருந்தது. அதாவது கடலை அலர்ஜி வர வாய்ப்பு அதிகமானவர்கள். சேர்ப்பதற்கு முன்பே தோலில் கடலைச் சாறு ஒரு சொட்டு விட்டு, மெல்லிய ஊசியால் லேசாகக் குத்துவார்கள். கால் மணி நேரத்தில் அந்த இடம் தடிக்கிறதா என்று அளவுகோல் வைத்துப் பார்ப்பார்கள். பெரிதாகத் தடித்த குழந்தைகளுக்கு ஏற்கெனவே அலர்ஜி இருக்கக்கூடும் என்பதால் அவர்களைச் சேர்க்கவில்லை. சேர்ந்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வாரம் மூன்று வேளையாவது கடலை உணவு கொடுத்தார்கள். மறுபாதிக்கு ஐந்து வயதுவரை கடலையே கிடையாது.

ஐந்து வயதில், பக்கத்தில் மருத்துவர்கள் தயாராக நிற்க, கடலையைச் சாப்பிட வைத்துப் பார்த்தார்கள். தோல் சோதனையில் தடித்தவர்கள் எல்லாருக்கும் அலர்ஜி இருப்பதில்லை. அதனால் சாப்பிட்டுப் பார்ப்பதுதான் கடைசித் தீர்ப்பு. 2015இல் முடிவு வெளிவந்தது. கடலையைத் தவிர்த்தவர்களில் நூற்றுக்கு 17 பேருக்கு அலர்ஜி. சாப்பிட்டவர்களில் 3 பேருக்குத்தான்!

ஏன் இப்படி? மருத்துவர்கள் தரும் விளக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது. வீட்டில் யாராவது கடலை சாப்பிட்டால் அதன் துகள் தூசியில் கலந்திருக்கும். கரப்பானால் வெடித்த தோல் வழியே அது குழந்தையின் உடம்புக்குள் நுழையும். வாசல் வழியாக வந்தவர் விருந்தாளி, சுவரேறிக் குதித்தவர் திருடன் இல்லையா? நோய் எதிர்ப்பு அமைப்பும் அப்படித்தான் பார்க்கிறதாம். வாய் வழியே முதலில் அறிமுகமானால் அது உணவு. தோல் வழியே வந்தால் எதிரி.

2017இல் அமெரிக்காவின் அறிவுரை தலைகீழானது. லண்டன் குழந்தைகளைப் பன்னிரண்டு வயதுவாக்கில் மறுபடி சோதித்த முடிவு 2024இல் வந்தது. தவிர்த்த குழுவில் நூற்றுக்கு 15 பேர், சாப்பிட்ட குழுவில் 4 பேர். நடுவில் அவரவர் இஷ்டப்படி சாப்பிட்டோ சாப்பிடாமலோ இருந்தும் வித்தியாசம் மறையவில்லை. அலர்ஜி வந்துவிட்டவர்களை இந்த வழி குணப்படுத்தாது. அவர்கள் மருத்துவர் சொல்லாமல் கடலையைத் தொடவே கூடாது.

இன்னொன்று: இதைப் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் குட்டித் தம்பிக்குக் கடலையை ஊட்ட ஓடாதீர்கள். முழுக்கடலை சின்னக் குழந்தையின் மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். அந்த ஆராய்ச்சியில்கூடக் குழந்தைகளுக்குக் கொடுத்தது பம்பாவும் கடலை விழுதும்தான்.