மூட்டைக்கும் ஓர் இடம்

இலங்கையில் இருப்புப்பாதை தோன்றியது மாந்தரை ஏற்றுதற்கு மட்டுமன்று. மலைநாட்டுக் கோப்பியைக் கொழும்புத் துறைமுகஞ் சேர்ப்பதே அதன் முதல் நோக்கம். 1867 இல் அது கண்டியை அடைந்தது. 1905 இல் வடபாதை காங்கேசன்துறையைத் தொட்டது. 1990 இல் போரினால் அறுந்த அப்பாதை, இந்தியக் கடனுதவியால் 2014 இல் யாழ்ப்பாணத்துக்கும் 2015 இல் காங்கேசன்துறைக்கும் மீண்டது.

பயணிகள் மகிழ்ந்தனர். எனினும், எங்கள் வெங்காயமும் புகையிலையும் பெரும்பாலும் லொறியிலேயே தெற்கு நோக்கிச் செல்கின்றன. இரும்பின்மேல் இரும்புருளை உருள்கையில் உராய்வு குறைவு, அதனால் ஒரே சுமைக்கு லொறியினும் குறைந்த எண்ணெயே செலவாகும், புகையும் குறையும். இழுப்பன டீசல் இயந்திரங்களேயாயினும் இவ்வுண்மை மாறாது. மின்சாரம் வரின் நன்மை இன்னும் பெருகும்.

ஆதலின், அன்பர்களே, பயணிக்கு இருக்கை தந்த அரசு, உழவன் மூட்டைக்கும் சரக்குப் பெட்டியில் இடந்தர நிதி ஒதுக்குதல் வேண்டும் என்பதே என் துணிபு. பாதைக்குப் பட்ட கடனை நாட்டு மக்கள் யாவருமே இறுக்கின்றனர். உழவனும் அவருள் ஒருவனன்றோ!