டவருக்குக் கரண்ட் கொடுப்பது யார்?

லேண்ட்லைன் போனதற்காக யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. பணம் கட்டிவிட்டு இணைப்புக்காக வருடக்கணக்கில் காத்திருந்ததும், எம்.பி. சிபாரிசுக்கு அலைந்ததும், எஸ்.டி.டி. பூத்தில் ஓடுகிற மீட்டரைப் பார்த்தபடியே பாதிப் பேச்சை விழுங்கியதும் அந்தக் காலத்தின் லட்சணம். 1995 ஜூலை 31 அன்று ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த அமைச்சர் சுக்ராமிடம் பேசி செல்போன் சேவையைத் தொடங்கிவைத்தபோது அதுவும் பணக்காரர் பொருள்தான். வருகிற அழைப்புக்கும் காசு. 2003-இல் இன்கமிங் இலவசமான பிறகுதான் அது சாமானியர் கைக்கு வேகமாக வந்து சேர்ந்தது. இன்று செல்போன் இணைப்புகள் நூறு கோடிக்கு மேல். லேண்ட்லைன் ஐந்து கோடிகூட இல்லை. லாபம் நமக்குத்தான், சந்தேகமில்லை. ஆனால் இந்த மாற்றத்தில் ஒரு பொறுப்பு சத்தமில்லாமல் கைமாறிவிட்டது. பேசுவதற்கு வேண்டிய மின்சாரத்தை யார் கொடுப்பது என்பதே அது.

பழைய தொலைபேசியை வீட்டு பிளக்கில் செருக வேண்டியிருக்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் வரிசையாக நின்ற பேட்டரிகளிலிருந்து 48 வோல்ட் மின்சாரம், பேச்சு வருகிற அதே செம்புக் கம்பியில் வீடு வந்து சேர்ந்தது. தெருவே இருண்டு கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்கும். செல்போனில் சங்கிலி வேறு: கையில் ஒரு பேட்டரி, டவரில் ஒரு பேட்டரி, அது தீர்ந்தால் டீசல் ஜெனரேட்டர். ஃபைபர் இணைப்பில் பேசினாலும் வீட்டு மோடத்துக்குக் கரண்ட் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்களைப் பல்லாயிரக்கணக்கில் சாய்த்தபோது, விழாமல் நின்ற டவர்களும் கரண்ட் இல்லாமல் ஊமையாயின. பிரிட்டனில் செம்பு வழித் தொலைபேசியை 2025 இறுதியில் நிறுத்துவதாக இருந்தார்கள். 2027 ஜனவரிக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். தனியாக வாழும் முதியவர்கள் ஆபத்தில் அழுத்துகிற அலாரக் கருவிகள் லட்சக்கணக்கில் அந்தக் கம்பியை நம்பியிருந்தது முக்கியக் காரணம்.

செம்புக் கம்பி மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்கலாம். நியாயம்தான். ஒரு மழைக்குக் கேபிள் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கினால் போன் டெட். லைன்மேன் எப்போது வருவார் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். அதனால்தான் செம்புக்குத் திரும்பச் சொல்லவில்லை; கரண்ட் போனாலும் டவர் தாக்குப்பிடிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். சாட்டிலைட் இருக்கிறதே என்பது அடுத்த பதில். ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூனில் இந்திய உரிமம் கிடைத்தது. அதன் செயற்கைக்கோள்கள் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. புயலுக்கு எட்டாத உயரம்தான். ஆனால் கூரையில் வைக்கிற தட்டுக்கு மின்சாரம் நம் வீட்டிலிருந்துதான் போக வேண்டும். ஒரு செயற்கைக்கோளின் கொள்ளளவைப் பரந்த பரப்பில் உள்ள எல்லோரும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும் என்பது வேறு. நிவாரண முகாமுக்கு அது பெரிய உதவி. மாவட்டம் முழுவதற்கும் போதாது.

மிஞ்சுவது செலவு என்ற ஆட்சேபம். ஒவ்வொரு டவருக்கும் கூடுதல் பேட்டரி என்றால் பில்லில் ஏறாதா? ஏறும். ஆனால் லேண்ட்லைன் வாடகையிலும் அந்தப் பேட்டரிக் காசு அடக்கம்தான். யாரும் தனியாகக் கவனிக்கவில்லை, அவ்வளவே. தவிர, எல்லா டவருக்கும் வேண்டும் என்பதில்லை. கலிபோர்னியாவில் 2019-இல் காட்டுத்தீ அச்சத்தால் மின்சாரத்தை நிறுத்தியபோது மரின் கவுன்டியில் பாதிக்கும் மேற்பட்ட டவர்கள் செத்தன. அடுத்த ஆண்டே அந்த மாநில ஒழுங்குமுறை ஆணையம், தீ அபாயம் மிகுந்த பகுதிகளில் செல்போன் சேவை 72 மணி நேரம் தாக்குப்பிடிக்க ஏற்பாடு வேண்டும் என்று நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. தீக்கு அவர்கள் போட்ட வரைபடத்தை நாம் புயலுக்குப் போடலாம், கஜா தாக்கிய வேதாரண்யத்திலிருந்தே தொடங்கலாம்.