வாய்வழி உறவில் எச்.ஐ.வி. வருமா? – கேட்கத் தயங்கும் கேள்விக்கு ஒரு பதில்



குழுக் கூட்டத்தில் சந்தா, கடன், தவணை பேசி முடித்து, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சில கேள்விகள் வெளியே வரும். அதுவும் ஊக்குநரின் காதோடு காதாக! பாபநாசம் பகுதிக் குழுக்களில் அப்படி அடிக்கடி வரும் கேள்வி இது: "வீட்டுக்காரர் வெளியூர்ல வேலை பார்த்துட்டு வர்றார். வாயால செய்யச் சொல்றார். கர்ப்பம் ஆகாது, நோயும் வராதுங்கிறார். நெசமாம்மா?"

கர்ப்பம் ஆகாது என்பது உண்மை. நோய் வராது என்பது முழு உண்மை இல்லை.

எச்.ஐ.வி. கிருமி ரத்தம், விந்து, பெண்ணுறுப்பில் சுரக்கும் திரவம், ஆசனவாய்த் திரவம், தாய்ப்பால் ஆகியவற்றின் வழியாகத்தான் பரவும். எச்சிலால் பரவாது. எச்சிலில் உள்ள சில பொருட்கள் கிருமியை முடக்கிவிடும். வாயின் உள்தோலும் எளிதில் கிருமியை உள்ளே விடாது. அதனால்தான் வாய்வழி உறவில் எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு மிக மிகக் குறைவு என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. சிகிச்சை எடுக்காத எச்.ஐ.வி. உள்ள ஆணுடன் ஆணுறை இல்லாமல் வழக்கமான உறவு கொண்டால், 10,000 தடவைக்குச் சுமார் 8 தடவை பெண்ணுக்குத் தொற்றலாம். ஆசனவாய் வழியாக என்றால் 138. வாய்வழி உறவுக்கு எண்ணே கொடுக்கவில்லை, 'குறைவு' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள்.

எட்டுதானே என்று அலட்சியமாக இருந்துவிட வேண்டாம். அது ஒரு தடவைக்கான கணக்கு. வாரா வாரம் போடும் சேமிப்பு போல வருடக்கணக்கில் அதுவும் சேர்ந்துகொண்டே போகும். நம் நாட்டில் எச்.ஐ.வி. வந்த பெண்களில் பெரும்பாலோருக்கு அது சொந்தக் கணவரிடமிருந்துதான் வந்தது. 'வாயால் செய்தோமே' என்று ராத்தூக்கம் கெட்டுப் பயப்படும் பெண், ஆணுறை இல்லாத வழக்கமான உறவைப் பற்றி யோசிப்பதே இல்லை. நான் பார்த்தவரை பயம் இப்படித்தான் இடம் மாறி நிற்கிறது.

குறைவான ஆபத்து எப்போது கூடும்? வாயில் புண், ஈறில் ரத்தக்கசிவு, சொத்தைப் பல் இருந்தால், விந்து வாய்க்குள் வந்தால், ஆணுறுப்பில் புண் இருந்தால் கூடும். நம்ம பக்கம் வெற்றிலைக்குப் பஞ்சமில்லை. வெற்றிலையோடு புகையிலை சேர்த்துப் போடுகிறவர்களுக்கு வாய் வெந்து புண்ணாகியிருக்கும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உறவுக்கு முன்பு பல்லை அழுத்தித் தேய்ப்பதும் கூடாது, ஈறு கீறிக்கொள்ளும். கணவர் மனைவிக்கு வாயால் செய்தால் ஆபத்து இன்னும் குறைவு. மாதவிலக்கு நாட்களில் மட்டும் தவிர்ப்பது நல்லது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேகப்புண் என்கிற சிபிலிஸ், வெட்டை நோய், அக்கிப்புண் இவையெல்லாம் வாய்வழியாக எச்.ஐ.வி.யைவிட எளிதில் தொற்றும். தொண்டையில் வெட்டை நோய் இருந்தால் பெரும்பாலும் வலி கூடத் தெரியாது. ஆணுறை போட்டுக்கொண்டால் இவற்றின் ஆபத்தும் குறையும். ஆணுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

கணவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்த சகோதரிகளுக்கு: அவர் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தைத் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் உங்களுக்குத் தொற்றாது. இது பல நாட்டுத் தம்பதிகளைப் பல வருடம் கவனித்து உறுதி செய்த விஷயம். 2004-ல் தாம்பரத்தில் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய மருந்து இன்று தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே கிடைக்கிறது. அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை, மனசு நோவதுதான் மிச்சம்.

சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசமாகச் சோதனை செய்யலாம். உடனே ஒரு தடவை, 3 மாதம் கழித்து ஒரு தடவை. தொற்றிய புதிதில் சோதனையில் தெரியாமல் போகலாம் என்பதால்தான் இரண்டாவது தடவை. முடிவை உங்கள் அனுமதி இல்லாமல் வெளியே சொல்லக்கூடாது. 2017-ம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆணுறை கிழிந்தது, பலாத்காரம் நடந்தது என்றால் காத்திருக்காதீர்கள். 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடும் தடுப்பு மருந்து உண்டு. எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது.

நோய் வராவிட்டாலும், பிடிக்காததைச் செய்யச் சொன்னால் வேண்டாம் என்று சொல்ல மனைவிக்கு உரிமை இருக்கிறது. "கட்டுன புருசன்கிட்ட எப்படிம்மா சொல்றது?" என்பீர்கள். கஷ்டம்தான். ஆனால் 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் கொடுமையையும் வன்முறை என்றே கணக்கில் வைக்கிறது. கட்டாயப்படுத்தினால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசலாம்.

எச்.ஐ.வி. பற்றிய சந்தேகங்களுக்கு 1097. கட்டணம் கிடையாது, பெயர் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கூப்பிடுங்கள்.