சிறுநீரில் யூரிக் அமிலம் குறைந்தால் மகிழலாமா?

“சிறுநீரில் யூரிக் அமிலம் குறைந்துவிட்டது” என்று முகமலர்ச்சியோடு அறிக்கையை நீட்டுவோர் உண்டு. அம்மகிழ்ச்சியைக் கலைப்பது எங்களுக்கும் எளிதன்று. இரத்தத்தில் அது குறைந்தால் பெரும்பாலும் நற்செய்தி. சிறுநீரில் குறைந்தால் அவ்வாறு சொல்லிவிட முடியாது. உடலில் உண்டாகும் யூரிக் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகங்களே வெளியேற்றுகின்றன. எஞ்சியது குடல் வழியே செல்கிறது. சிறுநீரகம் தளர்ந்தால், வெளியேற வேண்டியது இரத்தத்திலேயே தங்கிவிடும். எனவே இரத்த அளவையும் சிறுநீர் அளவையும் அருகருகே வைத்தே படிக்கிறோம்.

இதனை மின்வேதியியல் முறையில் அளக்கலாம். மின்முனையைச் சிறுநீரில் வைத்துக் குறிப்பிட்ட மின்னழுத்தம் கொடுத்தால், யூரிக் அமிலம் எலக்ட்ரான்களை இழக்கிறது; அமிலம் மிகுந்தால் மின்னோட்டமும் மிகும். வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவியும் மின்னோட்டத்தையே அளக்கிறது. இரத்தத் துளியில் யூரிக் அமிலம் அளக்கும் பட்டைகள் விற்பனையில் உள்ளன. சிறுநீருக்கானவையோ பெரும்பாலும் ஆய்வு நிலையிலேயே இருக்கின்றன. ஒரு முக்கிய இடையூறு வைட்டமின் சி. அதுவும் ஏறத்தாழ அதே மின்னழுத்தத்தில் எலக்ட்ரான்களை இழப்பதால், சாதாரண மின்முனைக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். பூச்சிட்ட மின்முனைகளும் யூரிகேஸ் என்னும் நொதியும் இச்சிக்கலைத் தீர்க்க உதவுகின்றன.

எங்கள் ஆய்வகம் கையாளும் வழக்கமான நொதி முறையும் இதற்கு முற்றும் விலக்கன்று. மிகுதியான வைட்டமின் சி, அளவைக் குறைத்துக் காட்டக்கூடும். சளிக்கென்று வாங்கிய மாத்திரையாயினும் எங்களிடம் சொல்லிவிடுங்கள்.

எந்தக் கருவியாயினும், கலனில் சேராத சிறுநீரை அளக்க இயலாது. காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரை விட்டுவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஒரு துளியும் விடாமல், மறுநாள் அதே நேரத்துச் சிறுநீர் வரை சேருங்கள். 24 மணி நேரத்தில் 250 முதல் 750 மில்லிகிராம் வரை இயல்பெனக் கொள்கிறோம். குளிரில் யூரிக் அமிலம் படிகமாகி அடியில் தங்கும். ஆகவே கலனைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம். அதனுள் நாங்கள் இட்டுத்தரும் காரக் கரைசலைக் கொட்டிவிடாதீர்கள். கையில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் கலனை மறப்பது யாருக்கும் நேரும். உடனிருப்போர் அதனைக் கழிவறை வாசலிலேயே வைத்தால் நன்று. ஒருமுறை தவறியிருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள்; புதுக்கலன் தருகிறோம். குறைபட்ட கணக்கை நம்பி மருந்தை மாற்றுவதைவிட, இன்னொரு நாள் காத்திருக்கவே விரும்புகிறோம்.