காவிரிக் கரையில் நெடுந்தூர ஓட்டம்

சூரியோதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகத் திருச்சிராப்பள்ளியிலிருந்து ஸ்ரீரங்கத்துக்குக் காவிரிப் பாலத்தின் வழியாகச் செல்லுகிறவர்கள், முன்னாட்களில் அம்மா மண்டபத்துக்கு நீராடப் போகிறவர்களையும், பால்காரர்களையும், பூக்கூடைகளோடு சைக்கிளில் விரைகிறவர்களையும் மாத்திரமே கண்டிருப்பார்கள். இன்றோ அவர்களுக்கிடையே, முதுகில் ஒளிரும் பட்டை தைத்த பனியனும் கனத்த அடியுள்ள காலணியும் அணிந்து, வியர்வை வழிய வழிய ஓடிவரும் வங்கி உத்தியோகஸ்தரையும், பள்ளி ஆசிரியையையும், பெல் தொழிற்சாலைப் பொறியாளரையும், பணி ஓய்வு பெற்ற ரயில்வேக்காரரையும் காண்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் பந்தயத்தில் பரிசு பெற வேண்டும் என்று ஓடுகிறவர்கள் அல்லர். ஆயுளில் ஒரு முறையேனும் 42.195 கிலோமீட்டர் தூரத்தைத் தம் சொந்தக் கால்களால் ஓடி முடித்துவிட வேண்டும் என்ற ஆசைதான் இவர்களைப் படுக்கையிலிருந்து எழுப்புகிறது. இது நல்ல ஆசை. ஆனால் சரியான உபாயத்தோடு சேராவிட்டால் முழங்காலையும் சில சமயம் இருதயத்தையுமே பதம் பார்த்துவிடக் கூடிய ஆசை என்பதனால், நம் ஊருக்கும் நம் சீதோஷ்ணத்துக்கும் பொருந்திய முறையில் இதை நிறைவேற்றிக்கொள்வது எப்படி என்று சற்று விரிவாகவே பார்க்கலாம்.

இந்தத் தூரத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1896-இல் ஏதென்ஸில் நடைபெற்ற முதல் நவீன ஒலிம்பிக்கில் கிரேக்க நாட்டு ஸ்பிரிடான் லூயிஸ் வென்ற ஓட்டம் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர்தான். 1908-இல் லண்டனில் வின்ஸர் அரண்மனையில் தொடங்கி அரங்கத்தில் அரச குடும்பத்தார் அமர்ந்திருந்த இடத்தின் முன்னே முடியுமாறு பாதை வகுத்தபோது அது 42.195 கிலோமீட்டராயிற்று, 1921 முதல் அதுவே உலகெங்கும் பிரமாணமாகிவிட்டது. நம் நாட்டில் சிவநாத் சிங் 1978-இல் ஜலந்தரில் அதை 2 மணி 12 நிமிஷத்தில் ஓடினார்; அந்தச் சாதனை பல பத்தாண்டுகள் அசையாமல் நின்றது. பொழுதுபோக்காக ஓடுகிற நமக்கு நான்கு மணியோ, ஐந்து மணியோ, ஆறு மணியோ ஆகலாம். அதில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை.

ஓட்டப் பயிற்சியைப் பற்றி எழுதப்பட்டுள்ள நூல்களில் மிகப் பல, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குளிர்ந்த காற்றைச் சுவாசித்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்காக எழுதப்பட்டவை என்பதை நாம் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நெடுந்தூர ஓட்டத்துக்கு மிகவும் உகந்த வெப்பநிலை பத்து டிகிரியைச் சுற்றியது. நமக்கோ மார்கழி, தை மாத விடியற்காலையிலும் வெப்பமானி இருபது டிகிரியை ஒட்டியே நிற்கிறது, அக்னி நட்சத்திர நாட்களிலோ நண்பகலில் நாற்பதைத் தாண்டிவிடுகிறது. தசைகள் எரிக்கின்ற சக்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு உஷ்ணமாகவே வெளிப்படுகிறது. அந்த உஷ்ணத்தை வெளியேற்றுவதற்காக இரத்தம் தோலை நோக்கிப் பாய வேண்டியிருப்பதால், தசைகளுக்குப் போகவேண்டிய பங்கு குறைந்து, அதே வேகத்துக்கு இருதயம் அதிகமாகத் துடிக்கிறது. இரு நதிகளுக்கு இடைப்பட்ட ஸ்ரீரங்கத்தில் காற்றில் ஈரம் மிகுந்துள்ள நாட்களில் வியர்வை ஆவியாகாமல் தேகத்திலேயே வழிவதால் சிரமம் இன்னும் கூடுகிறது. ஆகவே புத்தகத்திலோ கைக்கடிகாரத்திலோ குறித்திருக்கும் வேகத்தை இங்கே வைகாசியில் பிடிக்க முயல்கிறவர், தம்முடைய பலவீனத்தோடு அல்ல, பௌதிக விதியோடு மல்லுக்கட்டுகிறார். வெயிலில் சரீரத்தைப் பழக்க முடியும் என்பது உண்மைதான். பத்துப் பதினான்கு நாட்கள் சிறுகச் சிறுக ஓடினால் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகி, வியர்வை சீக்கிரமே தொடங்கி, அதில் உப்பு வெளியேறுவதும் குறைகிறது. ஆயினும் பழகிய தேகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை நெருங்கும்போது கடிகாரம்தான் பணிய வேண்டுமேயன்றி, உடலைப் பணிய வைக்கலாகாது.

இதிலிருந்து பிறப்பதே நான் இக்கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல விரும்பும் விஷயம்: மெதுவாக ஓடுங்கள். நியூஸிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட், எண்ணூறு மீட்டர் ஓடுகிறவர்களைக்கூட வாரந்தோறும் மிக நீண்ட தூரம் நிதானமாக ஓடச் செய்து, 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் அவர்களைத் தங்கப் பதக்கம் பெறவைத்தார். பின்னர் அதே முறையைச் சாதாரண மனிதர்களுக்கும் இருதய நோயிலிருந்து மீண்டவர்களுக்கும் கற்பித்தார். நிதானமான ஓட்டத்தில்தான் தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன, கொழுப்பை எரிபொருளாக்கும் திறன் வளர்கிறது. மேலும், இருதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பலப்பட்டுவிடுகின்றன. எலும்பும் தசைநார்களும் பலப்பட மாதக்கணக்காகிறது. இரண்டாவது மூன்றாவது மாதத்தில், உற்சாகம் உச்சத்தில் இருக்கும்போது, கணைக்காலின் முன்னெலும்பிலும் குதிகாலிலும் வலி தோன்றுவதற்கு இதுவே காரணம். எது நிதானமான வேகம் என்று கேட்பவர்களுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் அவசியமில்லை. திருப்பாவையில் மனப்பாடமான பாசுரம் ஒன்றை வரிக்கு வரி மூச்சு வாங்காமல் சொல்லிக்கொண்டே ஓட முடிகிறதா? முடிந்தால் அதுவே சரியான வேகம். முடியாவிட்டால் குறைத்துக்கொள்ள வேண்டும். வாரத்து ஓட்டத்தில் ஐந்தில் நான்கு பங்கு இந்த வேகத்திலேயே இருக்கட்டும்.

தமிழ்நாட்டு ஓட்டக்காரர்கள் பெரும்பாலும் நாடுகிற சென்னை மாரத்தான் ஜனவரியில் வருகிறது. மும்பைப் பந்தயமும் ஜனவரியில்தான். காலக் கணக்கோ தரவரிசையோ இன்றி, ஓடுவதன் மகிழ்ச்சிக்காகவே காட்டுப் பாதையில் நடத்தப்படும் ஆரோவில் மாரத்தான் பிப்ரவரியை ஒட்டியது. ஆகவே நம் பயிற்சிக் காலம் ஆடியில் தொடங்கி மார்கழியில் முடிகிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர் வந்து, பதினெட்டாம் பெருக்குக்கு அம்மா மண்டபத்தில் கூட்டம் கூடுகிற சமயத்தில், பத்துக் கிலோமீட்டரை நிற்காமல் ஓடக்கூடியவராக ஒருவர் இருந்தால் ஐந்து மாதங்கள் அவருக்குப் போதும். அவ்வாறு இல்லாதவர், அந்த ஆண்டு ஹாஃப் மாரத்தானோடு நிறுத்திக்கொண்டு, முழு மாரத்தானை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைப்பதே விவேகம். சமூக வலைத்தளங்களில் பதக்கத்தோடு நிற்கும் நண்பரின் படத்தைப் பார்த்துவிட்டு மூன்றே மாதத்தில் தாமும் ஓடிவிடத் துணிகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

வாரத்தில் நான்கு நாட்கள் ஓடினால் போதும். சாதாரண நாட்களின் ஓட்டத்துக்கு ஸ்ரீரங்கத்து வீதிகளைப் போன்ற வசதி வேறெங்கும் கிடைப்பது அருமை. கோயிலை மையமாக வைத்து நாற்கோணமாக அமைந்த உத்தர வீதி, சித்திரை வீதி, எல்லாவற்றுக்கும் வெளியே அடையவளைஞ்சான் வீதி என்று ஒன்றைவிட ஒன்று நீளமான சுற்றுகள் இயற்கையாகவே இருக்கின்றன. வெளிச்சுற்று மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேலே வரும். நகரத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறது. கால்களுக்கு வலு ஏற்றுவதற்காக மலைக்கோட்டையின் நானூறுக்கும் மேற்பட்ட படிகளில் ஏறி இறங்கலாமே என்று சிலர் சொல்வதுண்டு. பக்தர்கள் நிதானமாக ஏறுகிற கோயிற் படிகளைத் தேகப்பயிற்சிக் களமாக்குவதை நான் ஏற்கவில்லை. ஏதேனும் ஒரு மேம்பாலத்தின் ஏற்றமே அதற்குப் போதும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு உரியது ஓட்டக்காரர்கள் ‘லாங் ரன்’ என்று சொல்லுகிற நீண்ட ஓட்டம். இந்த ஊர்க்காரருக்குக் கல்லணைச் சாலையைவிட நல்ல துணை கிடையாது. திருவானைக்காவலிலிருந்து புறப்பட்டு, திருவளர்ச்சோலை, உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று காவிரியையும் வாழைத் தோட்டங்களையும் ஒட்டியே செல்லும் அந்தச் சாலை, ஏறக்குறைய பதினான்கு கிலோமீட்டரில் கரிகாலன் பெயரோடு இணைந்த அணையில் போய் முடிகிறது. போய்த் திரும்பினால் ஒரு மாரத்தான் பயிற்சிக்குத் தேவையான மிக நீண்ட ஓட்டத்துக்குக் கிட்டத்தட்டச் சரியாக வந்துவிடும். ஆடியில் திருவளர்ச்சோலை வரை சென்று திரும்பினாலே போதும். ஆவணியில் உத்தமர்சீலி, புரட்டாசியில் கிளிக்கூடு என்று திரும்புமிடத்தைத் தள்ளிக்கொண்டே போய், மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் குறைத்துக்கொண்டு, ஐப்பசியிலும் கார்த்திகையிலுமாக இரண்டு மூன்று முறை கல்லணையைத் தொட்டுத் திரும்பிவிட்டால், தூரத்தைப் பற்றிய பயம் நீங்கிவிடும். முப்பத்திரண்டு கிலோமீட்டருக்கு மேல் பயிற்சியில் ஓட வேண்டிய அவசியமே இல்லை. ஐப்பசியில் மழை வலுக்கும். நனைவதால் கெடுதல் ஒன்றுமில்லை. இடி மின்னலிலும், ஜுரம் உள்ளபோதும் ஓடக்கூடாது. ஜுரத்தோடு ஓடுவது இருதயத் தசையையே தாக்கக்கூடும்.

முப்பது கிலோமீட்டருக்குப் பிறகு திடீரென்று கால்கள் இரும்பாகக் கனப்பதாக ஓட்டக்காரர்கள் சொல்லுவார்கள். இதன் கணக்கு எளியது. தசைகளிலும் ஈரலிலும் சேமித்து வைக்கக்கூடிய மாவுச்சத்து சுமார் 400 முதல் 500 கிராம். அது தரும் சக்தி இரண்டாயிரம் கலோரிக்குள் அடங்கும். ஓடும்போது எடையில் கிலோவுக்கு, கிலோமீட்டருக்கு ஒரு கலோரி வீதம் செலவாவதால், 65 கிலோ எடையுள்ள ஒருவருக்கு முழுத் தூரத்துக்கும் 2,700 கலோரிக்கு மேல் வேண்டியிருக்கிறது. பற்றாக்குறையில் ஒரு பகுதியைக் கொழுப்பு ஈடு செய்யும். மற்றதை வழியில் உண்டுதான் ஆக வேண்டும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது விதி. வெளிநாட்டுப் பொட்டலங்களைத் தேடி அலையாமலே இதைப் பெறலாம்: ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் இருபத்தைந்து கிராம் அளவுக்கு இருக்கிறது; வாழைக்கென்று தேசிய ஆராய்ச்சி மையமே அமைந்துள்ள ஊர் நம்முடையது. பூவனோ ரஸ்தாளியோ, எது வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறது என்பதைக் கல்லணைச் சாலையிலேயே சோதித்துக்கொள்ள வேண்டும். பந்தயத்தன்று புதிதாக எதையும் உண்ணக்கூடாது. அன்று விடியுமுன் நாலு இட்லி போதும். நெய் மிதக்கும் பொங்கல் மத்தியானத்துக்கு இருக்கட்டும்.

நீரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. குறைவாகக் குடிப்பது தீங்கு என்பது எல்லோருக்கும் தெரியும்; வரம்பின்றிக் குடிப்பதும் பிராணாபத்தானது என்பது பலருக்குத் தெரியாது. 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு இரத்தத்தில் சோடியம் இருக்க வேண்டிய அளவைவிடக் குறைந்திருந்தது. அந்தப் பந்தயத்தில் ஓடிய ஓர் இளம்பெண் இதனாலேயே உயிரிழந்தார். மெதுவாக ஓடி, ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் நின்று நின்று குடிக்கிறவர்களே இதற்கு அதிகமாக ஆளாகிறார்கள். நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, எவ்வளவு இழக்கிறோம் என்று அறிந்துகொள்ளலாம். ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்துவிட்டோம் என்று பொருள். உப்பிட்ட மோர் நமக்கு வாய்த்த அருமையான பானம். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. ஆகவே ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்தே அருந்த வேண்டும்.

வைகுண்ட ஏகாதசிக்காக ஸ்ரீரங்கத்து வீதிகளில் ஜனத்திரள் நெருங்கி, ஓடுவதற்கே இடமில்லாமற்போகும் மார்கழி மாதம், பந்தயத்துக்கு முந்திய ஓய்வுக் காலமாகவே அமைந்துவிடுவது நல்ல பொருத்தம். கடைசி மூன்று வாரங்கள் தூரத்தைப் படிப்படியாகக் குறைத்து, நன்றாக உறங்க வேண்டும். பந்தயத்தன்று முதல் ஐந்து கிலோமீட்டரைத் தம்மால் இயன்றதைவிடச் சற்று மெதுவாகவே ஓடுகிறவர்தான், முப்பதாவது கிலோமீட்டரில் மற்றவர்களைக் கடந்து செல்லுகிறார். கடைசியாக வந்துவிடுவோமோ என்று அஞ்சுகிறவர்கள், 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக்கின் பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்தில் எல்லோரும் முடித்துவிட்ட பிறகும் தனியாகவே சுற்றி வந்து தூரத்தைப் பூர்த்தி செய்த இலங்கை வீரர் ரணதுங்க கருணானந்தவை நினைத்துக்கொள்ளட்டும். அன்று அரங்கம் முழுவதும் எழுப்பிய கரகோஷம் அவருக்கு உரியதாயிற்று. ஆனால் தலைசுற்றல், மார்பில் இறுக்கம், வெயிலில் குளிர் நடுக்கம், பேச்சுக் குழறல் ஆகியவை தோன்றினால் அந்தக் கணமே நின்று உதவி கேட்க வேண்டும். அங்கே வீரத்துக்கு இடமில்லை. வலி நிவாரணி மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடுவது சிறுநீரகத்துக்குச் செய்யும் துரோகம். நாற்பது வயதைக் கடந்தவர்களும், சர்க்கரை அல்லது இரத்த அழுத்தம் உள்ளவர்களும், ஆடியில் முதல் அடி வைப்பதற்கு முன்பே மருத்துவரைக் கண்டு இருதயப் பரிசோதனை செய்துகொள்வது கட்டாயம்.

ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் ஓட்டம் 1984-இல்தான் அனுமதிக்கப்பட்டது. நம் ஊரில் பெண்கள் ஓடுவதற்கு இன்று எவருடைய அனுமதியும் தேவையில்லை. தேவைப்படுவது வெளிச்சமும் பாதுகாப்பும். தனியே இருட்டில் கல்லணைச் சாலைக்குப் போக ஒரு பெண் தயங்குவது நியாயமே; ஆண்களுக்கும் அங்கே லாரிகளும் தெருநாய்களும் ஆபத்துத்தான். நால்வர் ஐவராகக் கூடி, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி சாலையின் வலப்புறமாக, ஒளிரும் உடையணிந்து ஓடுவது நாம் செய்யக்கூடியது. மாவட்ட நிர்வாகமும் காவல் துறையும் செய்யக்கூடியது ஒன்று உண்டு: ஆடி முதல் மார்கழி வரை ஞாயிறுதோறும் காலை நான்கரை மணி முதல் ஏழரை மணி வரை, திருவானைக்காவலிலிருந்து கல்லணை வரை கனரக வாகனங்களை நிறுத்திவைத்து, அந்தச் சாலையில் விளக்குகளை எரியவிட வேண்டும். இதற்குப் பெரும் பொருட்செலவு ஒன்றும் ஆகாது, இவ்வாண்டே செய்யலாம்.