தட்டிப் பார்த்தால் தெரியும்

பொங்கலுக்குப் பானை வாங்கும்போது அம்மா விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார். ‘கணீர்’ என்றால் வாங்குவார். ‘டொக்’ என்றால் திருப்பி வைத்துவிடுவார். அந்தப் பழக்கம் என் கயாக்கைக் காப்பாற்றும் என்று நான் நினைத்ததே இல்லை.

சுங்கைப்பட்டாணியில் வேலை பார்க்கும் எனக்கு ஞாயிறு என்றால் மெர்போக் ஆறுதான். பழைய கடாரத்துக்குக் கப்பல்கள் வந்துபோன ஆறு. இன்று கரையெங்கும் சதுப்புநிலக் காடு. சென்ற மாதம் நீர் வற்றும் நேரத்தில், சிப்பி படிந்த கட்டை ஒன்றில் என் பைபர்கிளாஸ் கயாக் மோதியது. வெளியே விரல் நீளக் கீறல், சுற்றிலும் சிலந்தி வலைபோல் மெல்லிய கோடுகள். அவ்வளவுதான். புட்டி பூசிவிட்டு, அடுத்த வாரம் மகளையும் ஏற்றிச் செல்ல நினைத்தேன்.

வாசலில் கவிழ்த்து வைத்திருந்ததை அம்மா தட்டிப் பார்த்தார். “ஏம்பா, இந்த இடத்துல மட்டும் சத்தம் செத்துப்போயிருக்கே!”

20 காசு நாணயத்தால் தட்டிக்கொண்டே பென்சிலால் கோடு போட்டேன். ஒலி மங்கிய இடம் உள்ளங்கை அளவு இருந்தது. டார்ச் அடித்து உள்ளே பார்த்தால், நார்கள் வெளுத்து முறிந்திருந்தன.

பைபர்கிளாஸ் என்பது கண்ணாடி நார்த் துணியை ரெசினில் தோய்த்து அடுக்கி இறுக வைத்தது. வெளியே பளபளக்கும் ஜெல்கோட் வெறும் மேல்பூச்சு, பலமெல்லாம் துணியில்தான். அடி விழும்போது சுவர் உள்நோக்கி வளைவதால், உள்பக்க நார்கள் இழுபட்டு முறிகின்றன. வெளியே மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

முதலில் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவிப் பல நாள் உலர்த்தினேன். ஈரம் இருந்தால் ரெசின் பிடிக்காது. முறிந்த பகுதியை உப்புத்தாளால் தேய்த்தெடுத்து, விளிம்பைச் சரிவாக்கினேன். சுவரின் கனத்தைப்போல் 12 மடங்கு சரிவு இருப்பது நல்லது. 3 மில்லிமீட்டர் கனத்துக்கு 36 மில்லிமீட்டர். ஒட்டு அந்த அகலத்தைப் பிடித்துத்தான் நிற்கும். அசிட்டோனால் துடைத்து, எபோக்சியில் தோய்த்த துணியை ஒன்றைவிட ஒன்று பெரிதாக 3 அடுக்கு வைத்தேன்.

எபோக்சிக்கு ஹார்டனர், டப்பாவில் சொன்ன அளவுதான். கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்று நினைக்காதீர்கள், சரியாகவே இறுகாது. நம் ஊர் வெப்பத்தில் நிறையக் கலந்தால் கிண்ணத்திலேயே சூடேறிக் கட்டியாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதே நல்லது. முகமூடி, கையுறை, கண் கண்ணாடி கட்டாயம். விரிசல் நீண்டு, மேல் கீழ்ப் பாகங்கள் சேரும் இடம் வரை போயிருந்தால், படகுப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

நன்றாக இறுகிய பிறகு அம்மாவைக் கூப்பிட்டேன். தட்டினார், காது கொடுத்துக் கேட்டார்.

“இப்ப வாங்கலாம்” என்றார்.

மகளுக்கு மிதவைச் சட்டை எடுத்துக் கொடுத்தேன்.